ஒளூ நீரில் மலர்ந்த முற்றம்



இராமநாதபுரம் மாவட்டத்தின் கோடையை அறிந்தோருக்கு விளக்கம் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பியே ஆண்டு முழுவதும் வாழும் மண் இது. அத்தகைய மண்ணில் எமது மதரஸா முற்றத்தை அழகுபடுத்த விரும்பி, ரோஜாச் செடிகளை நட்டோம். காலையும் மாலையும் குழாய் நீரைத் தாராளமாகப் பாய்ச்சினோம்.

ஒரு நாள் ‘இஸ்ராஃப்’ எனும் வீண்விரயம் குறித்துப் பாடம் நடத்தினோம். நபி (ஸல்) அவர்கள், இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவான ஒரு ‘முத்து’ நீரில் ஒளூச் செய்ததை விளக்கியபோது, ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்:

“ஹஜ்ரத், எங்க உம்மா தண்ணி லாரிக்காகக் குடத்தோட நிக்கிறாங்க. ரோஜாவுக்கு இவ்வளவு ஊத்துறது இஸ்ராஃப் இல்லையா?”

நாம் வாயடைத்து நின்றோம். அன்றே குழாயை மூடினோம். ரோஜாக்கள் கருகின. அவற்றைவிட நமது பெருமையே அதிகம் கருகியது.

அதன்பின் இந்த மண்ணுக்குரிய செடிகளைத் தேடினோம். வேலியோரம் ஆவாரை நட்டோம். அதன் வேர் ஆழமாக இறங்கி, வறட்சியிலும் மஞ்சள் பூக்களைத் தருகிறது. சுவரோரம் காகிதப்பூ, நீர் குறைந்தால்தான் அது நிறையப் பூக்கிறது. தொட்டிகளில் நித்தியகல்யாணியும், பருத்த அடித்தண்டில் நீரைச் சேமிக்கும் அடினியமும். இவ்விரண்டும் உண்டால் நஞ்சு என்பதால் சிறுவர் கைக்கு எட்டாத மேடையில் வைத்தோம். அரளியை அதே காரணத்தால் முற்றிலும் தவிர்த்தோம்.

ஒளூச் செய்த நீரால் மீண்டும் ஒளூச் செய்ய இயலாது. ஆயினும் அது அசுத்தமன்று. சாக்கடைக்குச் சென்ற அந்நீரைச் சிறு வாய்க்கால் வெட்டிச் செடிகளுக்குத் திருப்பினோம். வேரூன்றும் வரை முதலாண்டில் மட்டும் கவனித்து ஊற்றினோம். பின்னர் நாள்தோறும் தெளிப்பதை நிறுத்தி, வாரம் ஒருமுறை, அஸருக்குப் பின், வேர்வரை நனையுமாறு விட்டோம். அடியில் சருகும் தென்னை நாரும் பரப்பியதால் ஈரம் நிலைத்தது. அடினியத்துக்கு மட்டும் மண் முழுதும் காய்ந்த பின்னரே நீர்.

இன்று ஆவாரம்பூவைத் தேனீக்கள் மொய்க்கின்றன. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவையோ விலங்கோ உண்டாலும் அது ஸதகா என்பது நபிமொழி அல்லவா! குழாயைச் சொட்டாமல் மூடும் பொறுப்பை அச்சிறுமியே ஏற்றிருக்கிறாள். அவள் கேள்விக்கு அன்று நாம் கூறாத விடை, இன்று முற்றத்தில் பூத்திருக்கிறது.

அறிந்ததை அமலாக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.