குடையில் இறங்கியவர்கள்

மே மாதத்தில் பனி! ஹானியா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து தெற்கே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். கீழே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. றோட்டோரத் தோட்டங்களில் தோடை பூத்து மணக்கிறது. மேலே, மலை முகடுகளில் வெள்ளை வெளேரென்று பனி! அந்த மலைகளுக்குப் பெயரே வெள்ளை மலைகள்தானாம். 2,400 மீற்றருக்கு மேல் உயரம். கோப்பாயில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் குடாநாட்டில் அண்ணாந்து பார்க்கவென்று இருப்பவை பனையும் கோயில் கோபுரமும்தான். ஒரே பார்வைக்குள் கடலும் பனிமலையும் அகப்படும் ஊர் இந்த உலகத்தில் இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!

"மாமி, குளிருதோ?" என்று மருமகள் தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டாள்.

மருமகள் ஜெர்மன்காரி. மகனைக் கட்டி டோர்ட்முண்டில் இருக்கிறாள். தமிழை அவனிடமும் தொலைபேசியில் என்னிடமும் பழகியதால் அவள் வாயில் வருவது அசல் கோப்பாய்த் தமிழ். கிரீட் தீவுக்கு நாங்கள் வந்தது அவளுடைய அம்மப்பாவைத் தேடி. அவர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பரசூட் படைவீரர். 1941 மே 20ஆம் திகதி காலை இந்தத் தீவில் குதித்தவர். உயிரோடு திரும்பி, கலியாணம் கட்டி, தச்சுவேலை செய்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, கடைசியில் படுக்கையில் கிடந்து இறந்தார். கிரீட்டைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசியதில்லை. அவர் போன பிறகு அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் இருந்து ஒரு துணிப்பட்டி அகப்பட்டது. வெள்ளைத் துணி, அதில் மஞ்சள் நூலால் தீவின் பெயர். இங்கே சண்டை பிடித்தவர்களுக்குச் சட்டைக் கையில் தைக்கக் கொடுத்த பட்டி அது.

அதை வைத்துக்கொண்டு அவள் பெர்லினில் உள்ள அரச ஆவணக்காப்பகத்துக்கு எழுதினாள். மாதக்கணக்கில் காத்திருந்து வந்த பதிலில் இருந்தது கொஞ்சம்தான்: வான்வழித் தாக்குதல் ரெஜிமென்டின் 3ஆம் பட்டாலியன்; அந்தக் கோடையில் ஜெர்மனியில் ஒரு முகாம். இடையில் கிடந்த வாரங்களுக்கு ஒரு வரியும் இல்லை. அந்த வாரங்களைத்தான் அவள் தேடி வந்தாள்.

ஹானியாவில் இருந்து மேற்கே கடற்கரையோடு கார் போனது. இந்த ஒலிவ் மரங்களை என்னவென்று சொல்வது! எங்கே பார்த்தாலும் சாம்பல் பூசிய பச்சை. காற்றடித்தால் இலைகள் புரண்டு வெள்ளி நிறம் காட்டுகின்றன. வூவெஸ் என்ற ஊரில் 2,000 வயதுக்குக் குறையாத ஒரு மரம் நிற்கிறது, இன்னமும் காய்க்கிறதாம். அடிமரம் கயிறு முறுக்கியதுபோல் திருகிக் கிடக்க, நடுவில் ஒரு பொந்து. தோள்மட்டும் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். உள்ளே குளிர்ச்சியாக, வழுவழுவென்று இருந்தது. சங்ககாலத்து மரம் என்று சொன்னாலும் பிழையில்லை என்று நினைத்தபோது எனக்கு மேனி சிலிர்த்தது.

இந்த மரங்களுக்குள்தான் அவர்கள் விழுந்தார்கள். 3ஆம் பட்டாலியனை மாலெமே விமானத் தளத்துக்குக் கிழக்கே இறக்கினார்கள். கீழே ஆளில்லை என்று நினைத்த தோப்புகளில் நியூசிலாந்துப் படை காத்திருந்தது. குதித்தவர்களில் பெரும்பாலோர் கையில் கைத்துப்பாக்கியும் குண்டும் மட்டும். துவக்குகள் தனிப் பெட்டிகளில், தனிக் குடைகளில் இறங்கின. பெட்டியை எட்டிப் பிடிக்க முன்னமே முடிந்துபோனவர்கள் எத்தனையோ பேர். சிலர் ஆகாயத்திலேயே சூடுபட்டார்கள். சிலர் ஒலிவ் கொப்புகளில் சிக்கித் தொங்கினார்கள். ஊர்ச் சனமும் பழைய வேட்டைத் துவக்கு, கத்தி, அரிவாள், பொல்லு என்று அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தது. பட்டாலியனில் மூன்றில் இரண்டு பங்கு, தளபதி மேஜர் ஷெர்பர் உட்பட, செத்துப்போனது. ஆனாலும் மறுநாள் விமானத் தளம் ஜெர்மானியர் கையில். ஜூன் 1ஆம் திகதி தீவே அவர்கள் கையில். அதற்கு விலையாகக் கொடுத்த உயிர்களைக் கண்டு, இவ்வளவு பெரிய பரசூட் தாக்குதலை ஹிட்லர் பிறகு நடத்தவே இல்லை.

இதைக் கேட்கக் கேட்க என் நெஞ்சு இரண்டாகப் பிரிந்து நின்றது. நாங்கள் ஆகாயத்துக்குக் கீழே இருந்த சனம். பொம்மர் இரைச்சல் கேட்டால் அடுப்பை அணைக்காமலே பங்கருக்குள் ஓடியவர்கள். 1987 ஒக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்தியப் படை ஹெலிகளில் வந்து இறங்கியது எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. இறங்கிய சீக்கியப் படையினர் 30 பேரில் 29 பேர் மீளவில்லை. அந்தச் சண்டைக்குள், அருகே பிரம்படி ஒழுங்கையில், வீட்டோடு இருந்த சனங்கள் கொல்லப்பட்டார்கள். ஆகையால் அரிவாளோடு ஓடிவந்த கிரீட் கிழவியின் மனம் எனக்கு விளங்கும். மரத்தில் தொங்கிய பெடியன் என் பேரனுக்குப் பூட்டன் ஆகியிருக்கக்கூடும் என்பதையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

மாலெமேயில் படையினர் 107ஆம் குன்று என்று அழைத்த மேட்டிலேயே ஜெர்மன் மயானம் இருக்கிறது. 4,400க்கு மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும் கல் கிடையாது. தரையோடு படுத்த கற்கள், ஒரு கல்லில் இரண்டு பெயர். சுற்றிச் சிவப்புப் பூக்கள் படர்ந்திருந்தன. நான் குனிந்து குனிந்து பிறந்த ஆண்டுகளைப் பார்த்தேன். 1920, 1921, 1922... என் வகுப்பில் இருந்து ஏ.எல். எழுதிப் போன பெடியங்களின் வயது. மருமகள் ஷெர்பரின் பட்டாலியன்காரர்களைத் தேடி வரிசை வரிசையாக நடந்தாள். அவள் கண்ணில் நீர் இல்லை. நான்தான் அழுதேன்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். யோர்கோஸ் ப்சிகுந்தாகிஸ். மலையூர் இடையர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் போராளிகளுக்கும் இடையே செய்தி காவிக்கொண்டு, ஜெர்மானியர் கண்ணில் மண்ணைத் தூவி, இந்த மலைகளில் இரவிரவாக ஓடியவர். போர் முடிந்த பிறகு, படையில் இருந்து ஓடியவர் என்று பிழையாகப் பிடித்து அவரைச் சிறையில் போட்டார்கள். அந்த நாட்களில்தான் தன் போர்க்கதையை எழுதினார். பின்னாளில் ஹோமரின் இரண்டு காவியங்களையும் கிரீட்டின் பேச்சுமொழியில் கொண்டுவந்தார். 1974இல் இந்த மயானம் திறந்தபோது அதன் காவலாளாக வந்தது அந்த மனிதர்தான்! எந்தப் படையிடம் அகப்படாமல் ஓடினாரோ அந்தப் படையின் பிணங்களுக்குப் புல் வெட்டித் தண்ணீர் விட்டார். அதற்கு முன்பு அந்த எலும்புகள் ஆண்டுக்கணக்கில் கொனியா மடத்தில் கிரேக்கத் துறவிகளின் பாதுகாப்பில் இருந்தன. நான் இதை மகனிடம் தொலைபேசியில் சொல்லும்போது எனக்குக் குரல் அடைத்தது.

ஏனென்றால் என் வீட்டுக்கு அருகே, கோப்பாயில், போரில் இறந்த புலிப் போராளிகளின் துயிலும் இல்லம் ஒன்று இருந்தது. என்னிடம் படித்த பிள்ளைகளும் அங்கே கிடந்தார்கள். யாழ்ப்பாணத்தை இராணுவம் பிடித்ததும் அதை உடைத்தார்கள். சமாதான காலத்தில் சனம் திரும்பக் கட்டியது. போர் முடிந்த பிறகு மறுபடியும் இடித்துத் தரைமட்டமாக்கி, அதே நிலத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைக் கட்டி 2011இல் திறந்தார்கள். அவர்களை நினைவுகூரும் நவம்பர் 27 வந்தால் தாய்மார் வேலிக்கு வெளியே அருகில் நின்று விளக்கேற்றுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் செய்தது சரியோ பிழையோ என்று ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பேசட்டும். படையெடுத்து வந்து ஊரை எரித்தவனுக்கே பெயர் எழுதிய கல்லை விட்டுவைத்திருக்கிறது இந்தத் தீவு. எங்கள் மண்ணில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கல்லையும் விட்டுவைக்கவில்லை. இதை நான் யாருக்கும் முன்னால் நின்று சொல்லுவேன்.

"மாமி, கொண்டொமரிக்கும் போகவேணும்," என்றாள் மருமகள்.

கொண்டொமரி அங்கிருந்து கொஞ்சத் தூரம்தான். 1941 ஜூன் 2. தங்கள் ஆட்களை ஊர்ச்சனம் கொன்றதற்குப் பழிவாங்கச் சொல்லித் தளபதி ஸ்டூடென்ட் உத்தரவிட்டிருந்தார். லொறிகளில் படையினர் வந்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பிரித்துவிட்டு, ஆண்களை ஒலிவ் தோப்புக்குள் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஜெர்மன் அறிக்கையில் 23 பேர். கிரேக்கர் 60 வரை சொல்வார்கள். கூடப் போன படப்பிடிப்பாளர் பிரான்ஸ்-பீட்டர் வைக்ஸ்லர், இதைச் செய்யவேண்டாம் என்று அதிகாரியிடம் மன்றாடிப் பார்த்து, முடியாமல் போகவே, நடந்ததை நடந்தபடி படமெடுத்தார். அதற்காகப் பின்பு அவர்மேல் தேசத்துரோகக் குற்றம் வந்தது. படச்சுருள்கள் 1980இல்தான் ஜெர்மன் ஆவணக்காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. சுட வந்தவர்கள் 3ஆம் பட்டாலியன்.

நினைவுச் சின்னத்தில் அந்தப் படங்களும் இருக்கின்றன. மருமகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். துவக்கோடு வரிசையில் நிற்கும் ஆட்களின் காது, கழுத்து, தோள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். அம்மப்பா இடக்கைக்காரர், அதையும் பார்த்தாள்.

கோப்பிக் கடையில் தொண்ணூறை எட்டிய ஒருவர் இருந்தார். அறுபதுகளில் ஜெர்மனிக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய் வந்தவராம், எங்கள் பெடியங்களைப் போலவே. நல்ல ஜெர்மன் பேசினார். குடைகள் விழுந்ததைச் சின்னப் பிள்ளையாக இருந்து பார்த்தவர். பிறகு அம்மா அந்தப் பரசூட் துணியில் அவருக்குச் சட்டை தைத்தாவாம். எங்கள் பிள்ளைகளும், இராணுவம் வெளிச்சத்துக்கு அடிக்கும் பரா லைற்றோடு விழுந்த குடைத் துணிக்காக வயலில் அடிபட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டிச் சிரித்தார். மருமகள் தான் யார் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். கடை அமைதியாகிவிட்டது.

"உன்ர அம்மப்பா எத்தனை வயதில் செத்தவர்?" என்று கேட்டார்.

"எண்பத்திரண்டு."

"என்ர அப்பாவுக்கு முப்பத்திநாலு," என்றார்.

கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். ஒரு பெண் ரொட்டியும் ஒலிவும், உப்பும் றோஸ்மேரியும் போட்டுப் பொரித்த நத்தையும் கொண்டுவந்து வைத்தாள். நத்தை! ஊசியால் கிளறி எடுத்துத் தின்னவேண்டுமாம். மருமகள் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு நான் முதலாவதை எடுத்து வாயில் போட்டேன். மட்டிச் சதை மாதிரித்தான் இருந்தது. அவர் எனக்குச் சின்னக் கிளாசில் ராக்கி ஊற்றினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழும்பும்போது மருமகள் சொன்னாள், வைக்ஸ்லர் எடுத்த மற்றப் படங்களையும் கேட்டு எடுத்துப் பார்க்கப்போவதாக. அவர் ரசீதின் பின்பக்கத்தில் தன் விலாசத்தை எழுதி நீட்டினார். "கண்டால் எழுது பிள்ளை. காணாவிட்டாலும் எழுது."

அன்றிரவே ஹொட்டேலில் இருந்து ஆவணக்காப்பகத்துக்கு எழுதினாள்: 1941 ஜூன் 2, கொண்டொமரி, எடுத்த படங்கள் எல்லாம், படையினரின் முகம் தெரிகிறவை பெரிதாக்கி.