குழிக்குள் இறங்கும் இரும்புக் கை

ரோபோ என்றதும் சினிமாவில் பார்த்த யந்திர மனிதன்தான் நமக்கு ஞாபகம் வருகிறான். மதுரை மணிகண்டன் செய்த கருவி அப்படி இருக்காது. கயிற்றில் கட்டி ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற ஒல்லியான சாதனம் அது. விளக்கு உண்டு, காமிரா உண்டு, குழந்தையைப் பற்றிக்கொள்ள இரும்புக் கையும் உண்டு. மேலே இருப்பவர்கள் திரையைப் பார்த்தபடி கையை இயக்குகிறார்கள். ஆறு அங்குலத் துவாரத்தில் எந்தத் தீயணைப்பு வீரரால் இறங்க முடியும், சொல்லுங்கள்! 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே விழுந்த மூன்று வயதுப் பையனை இக்கருவி உயிரோடு மேலே கொண்டுவந்தது.

ஆனால் 2019 அக்டோபர் 25-ஐ எந்தத் தாயால் மறக்க முடியும்? தீபாவளிக்கு இரண்டே நாள். மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயது சுஜித் விழுந்துவிட்டான். மணிகண்டன் குழு வந்தது, இன்னும் பலர் தத்தம் கருவிகளோடு வந்தார்கள். கையில் கயிற்றுச் சுருக்குப் போட்டும் பிடி நிற்கவில்லை. குழந்தை மேலும் கீழே சரிந்தான். பக்கத்தில் குழி தோண்டினால் பாறை. 29-ஆம் தேதி விடியுமுன் உடலைத்தான் எடுத்தார்கள்.

குழந்தையின் உடம்பே துவாரத்தை அடைத்துக்கொண்டால் இரும்பு விரல் நுழைய இடம் ஏது? மேலிருந்து மண் வேறு உதிரும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எங்கள் சாலவாக்கத்தில் ஏரித் தண்ணீர் போதாத வருஷங்களில் போர் போட்டுத்தான் நெல் பயிர். தண்ணீர் வற்றினால் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் கொல்லையை ஒட்டிய நிலத்தில் அப்படி ஒன்று, வாயில் ஒரு கோணிச்சாக்கு மட்டும். என் பேரன் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த சமயம். நிலத்துக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"அதான் சாக்கு போட்டிருக்குதேம்மா, இன்னா ஆயிடப் போவுது?" என்றார்.

"சாக்கு குழந்தையைத் தாங்குமாண்ணே?" என்றேன். பதில் இல்லை.

சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லியிருக்கிறது: குழாயின் வாயை இரும்புத் தகட்டால் அடைக்க வேண்டும், கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் இதை எழுதிப் பஞ்சாயத்து ஆபீசில் மனுக் கொடுத்தார். நான் சும்மா இருப்பேனா? தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் சம்சாரம்தான் உள்ளேயிருந்து, "தூர்த்துத் தொலையேன்யா, நம்ம வூட்லயும் புள்ளைங்க இருக்குதுங்க" என்று குரல் கொடுத்தாள்.

இருநூறு அடிப் போர், அரை டிராக்டர் மண்ணும் ஜல்லியும் போதுமாக இருந்தது. ஒரு காலை வேளை வேலை, அவ்வளவுதான்.

உங்கள் பக்கம் யாராவது விழுந்துவிட்டால், சேலையையோ கயிற்றையோ விட்டு இழுக்காதீர்கள். உடனே 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். கூட்டத்தையும் டிராக்டரையும் குழியருகே விடாதீர்கள், மண் சரியும். தாயின் குரல் மட்டும் மேலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

ஏரிக்கரைப் பக்கம் இன்னும் ஒரு போர் திறந்து கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.