கடைசி எபிசோடும் கடைசி மூணு நிமிஷமும்

1/ ஒரு டிவி தொடரோட கடைசி சீசன் பிடிக்கலை, வேற ஆளுங்களை வெச்சு எழுதி மறுபடி எடுங்கன்னு 10 லட்சம் பேருக்கு மேல ஆன்லைன்ல கையெழுத்து போட்டாங்க. 2019 மே மாசம் நடந்த கூத்து. தொடர் பேர் கேம் ஆஃப் த்ரோன்ஸ். சிரிச்சுட்டுக் கடந்து போயிடலாம்தான். ஆனா இதுக்குள்ள மருத்துவம் சம்பந்தப்பட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. வீட்ல வயசானவங்க, நோயாளிங்க இருக்கிற எல்லாருக்கும் உதவும். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா: டிராகன், செத்தவங்க எழுந்து நடக்கிறது, ஒரு இரும்பு சிம்மாசனம், அதுக்குப் பல குடும்பங்கள் அடிச்சுக்கிறது. 2011 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2019 மே வரை 8 சீசன், 73 எபிசோட். மூலக்கதையை எழுதுற ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் அஞ்சாவது புத்தகத்தோட நின்னுட்டார். தொடர் அவரை முந்திப் போய், முடிவைத் தானே காட்டிடுச்சு. அமெரிக்காவுல ஞாயிறு ராத்திரி ஒளிபரப்பு. நமக்கு அது திங்கள் விடிகாலை.

3/ அந்தத் திங்கள் நான் கொடைக்கானல் மலையில ஒரு அரசு மருத்துவமனையில டியூட்டி. மே மாசம், சீசன் கூட்டம். ஓபி முழுக்க மலை ரோட்டு வாந்தியும் குரங்குக் கடியும். லேப்ல வேலை பார்த்த தம்பி ஒருத்தர் முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வந்தார். வீட்ல ஏதாவது பிரச்சினையான்னு கேட்டேன். "எட்டு வருஷம் வேஸ்ட் சார்"னார். டவர் கிடைக்கிற இடமாத் தேடி, பனியில நின்னு போன்ல பார்த்துட்டு வந்திருக்கார்.

4/ "முதல் ஏழு சீசன் பார்த்தப்போ சந்தோஷமா இருந்தீங்கதானே? அந்தச் சந்தோஷம் எப்படிப்பா திரும்பப் போகும்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "தெரியலை சார். ஆனா போயிடுச்சு"ன்னார்.
அவர் சொன்னது சரி. மனித மூளை அப்படித்தான் கணக்குப் போடுது. இதுக்கு ஆதாரம் கிடைச்சது ஆசனவாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோப்பில. நிஜமாத்தான் சொல்றேன்.

5/ 1996-ல டொனால்ட் ரெடல்மையர்ங்கிற கனடா டாக்டரும், பின்னாடி பொருளாதார நோபல் வாங்கின உளவியலாளர் டேனியல் கானமனும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கொலனோஸ்கோப்பி செஞ்ச 154 பேர்கிட்ட நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி எவ்வளவுன்னு குறிச்சாங்க. சிலருக்கு 4 நிமிஷத்துல முடிஞ்சது, ஒருத்தருக்கு 69 நிமிஷம். பிறகு "மொத்தத்துல எப்படி இருந்தது?"னு கேட்டப்போ, எவ்வளவு நேரம் வலிச்சதுங்கிறது பதில்ல பெருசா எதிரொலிக்கலை. ரெண்டு விஷயம்தான் எதிரொலிச்சது: உச்சகட்ட வலி, கடைசி மூணு நிமிஷ வலி.

6/ 2003-ல அடுத்த ஆய்வு, 682 பேர். பாதிப் பேருக்கு மட்டும் பரிசோதனை முடிஞ்சதும் குழாயை உடனே எடுக்காம, அசைக்காம கொஞ்ச நேரம் விட்டு வெச்சாங்க. அசௌகரியம்தான், ஆனா வலி குறைவு. அதாவது இவங்களுக்கு மொத்த அவஸ்தை கூடுதல். ஆனா இவங்கதான் "அவ்வளவு மோசம் இல்லை"ன்னாங்க. முடிவு கொஞ்சம் மென்மையா இருந்ததால முழு நினைவும் மென்மையாயிடுச்சு.

7/ இப்போ அந்த லேப் தம்பிக்கு வருவோம். முதல் ஆறு சீசன்ல சீசனுக்கு 10 எபிசோட். ஏழாவதுல 7, எட்டாவதுல 6. அவசர அவசரமா முடிச்சாங்க. மக்களைக் காப்பாத்த வந்தவள்னு நம்பின டெனேரிஸ், கடைசிக்கு முந்தின எபிசோட்ல சரணடைஞ்ச ஊரையே எரிக்கிறா. அவ அப்படி மாறக் கூடாதுன்னு இல்லை, மாறலாம். எங்க பாஷையில சொன்னா, டயக்னோசிஸ் சரியாக்கூட இருக்கலாம், ஆனா கேஸ் ஷீட்ல நோட்ஸ் போதலை. முந்தின நாள் வரை "நோயாளி நலம்"னு எழுதிட்டு திடீர்னு கடைசிப் பக்கத்துல பெரிய வியாதி பேர் எழுதினா வீட்டுக்காரங்க சட்டையைப் பிடிக்க மாட்டாங்களா?

8/ நோட்ஸ் ஒழுங்கா எழுதின தொடர் நம்மகிட்டயே இருக்கு. 90-களோட பிற்பகுதியில சன் டிவியில வந்த 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு. அதுல 'ரகசியம்' நவபாஷாண லிங்கத்தைச் சுத்தின கதை. போகர் செஞ்சதாச் சொல்ற நவபாஷாண முருகனைக் கும்பிடுற பழனி மலைக்காரங்களுக்கு அது ஃபேன்டஸியாவே தெரிஞ்சிருக்காது, பக்கத்து ஊர்க் கதை மாதிரிதான் இருந்திருக்கும்.

9/ அடுத்து வந்தது 'விடாது கருப்பு'. தப்பு செய்றவங்களைக் கருப்பசாமி குதிரையில வந்து தண்டிக்கிறார்னு ஊரே நம்புது. கடைசியில அது சாமி இல்லை, சின்ன வயசுக் காயத்தால மனசு ரெண்டா பிரிஞ்சு போன ஒரு மனுஷன்னு தெரியுது. (25 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஸ்பாய்லர்னு யாரும் திட்டாதீங்க!) எங்க தலைமுறையில யாரைக் கேட்டாலும் அந்த முடிவைப் பத்திப் பேசுறப்போ குரல்லயே ஒரு மரியாதை இருக்கும். அந்தச் சின்னப் பையனோட கதையை முதல்ல இருந்தே காட்டிட்டு வந்தாங்க. முடிவு தெரிஞ்சதும் பழைய காட்சி எல்லாத்துக்கும் அர்த்தம் கூடிச்சு.

10/ ஒரு சின்ன மருத்துவக் குறிப்பு: பிளவு ஆளுமை வேற, ஸ்கிசோஃப்ரினியாங்கிற மனச்சிதைவு நோய் வேற. முதலாவது சினிமாவுல வர்ற அளவுக்கு நிஜத்துல வராது. ரெண்டாவது நூத்துக்கணக்கான குடும்பங்கள்ல இருக்கு, மாத்திரையில கட்டுப்படும். ரெண்டையும் குழப்பிட்டு "இவன் அந்நியன்"னு கிண்டல் பண்ணாதீங்க.

11/ முடிவு பிடிக்காம இந்தியாவுல நடந்த பெரிய எதிர்ப்பு 1988-ல. தூர்தர்ஷன்ல ராமானந்த சாகரோட 'ராமாயண்'. அதை ஃபேன்டஸின்னு சொல்லலை, இதிகாசம். ஆனா ஞாயிறு காலையில நாடே டிவி முன்னாடி உட்கார்ந்தது இதுக்குத்தான். 78 எபிசோடோட ஜூலை 31 அன்னைக்கு முடிஞ்சது. பட்டாபிஷேகம், சுபம். உத்தர காண்டம் இல்லை.

12/ பஞ்சாப் ஜலந்தர்ல துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க வால்மீகி சமூகம். வால்மீகி முனிவரைத் தங்களோட குருவா, முன்னோரா கும்பிடுறவங்க. காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு வால்மீகி ஆசிரமத்துல இடம் கொடுக்கிறது, லவனையும் குசனையும் வளர்க்கிறது எல்லாமே உத்தர காண்டத்துலதான் வருது. அதை விட்டுட்டா எங்க பெரியவர் கதையிலயே இல்லாம போயிடுவார்னாங்க. வேலைநிறுத்தம் வேற ஊர்களுக்கும் பரவிச்சு. குப்பை சேர்ந்தா நோய் பரவும்னு அரசாங்கத்துக்குப் பயம். கடைசியில கூடுதல் எபிசோடுகள் எடுக்க ஒத்துக்கிட்டாங்க.

13/ "சீரியலுக்காக ஸ்ட்ரைக்கா?"ன்னு நக்கலடிக்கலாம். ஆனா அவங்க கேட்டது நியாயம். அவங்களுக்குக் கதையில ஒரு பங்கு இருந்தது. கடைசி எபிசோட்ல அந்தப் பங்கைக் காணோம். இந்த வலியை நான் டிவி பார்க்கிறவங்களைவிட வார்டுலதான் அதிகம் பார்த்திருக்கேன்.

14/ மலைக் கிராமம். பூண்டு விவசாயம் பண்ணின ஒரு தாத்தா (அடையாளம் மாத்தியிருக்கேன்). நுரையீரல் நோய். ஆறு வருஷமா மருமகள்தான் கூட. மூச்சு வாங்குறப்போ எல்லாம் பஸ்ஸோ ஜீப்போ பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. கடைசி நாள் ரெண்டு ராத்திரி தூங்காம இருந்துட்டு, காலையில ஒரு டீ குடிக்கக் கீழே இறங்கினாங்க. பத்து நிமிஷம். அதுக்குள்ள தாத்தா போயிட்டார்.

15/ மூணு மாசம் கழிச்சு தூக்கம் வரலைன்னு ஓபிக்கு வந்தாங்க. "ஆறு வருசம் பாத்தேன் சார். கடைசியில ஒரு வாய்த் தண்ணி குடுக்க நான் இல்லையே. டீ குடிக்கப் போயிட்டேனே." ரெண்டாயிரம் நாளுக்கு மேல பார்த்துக்கிட்டதை அந்தப் பத்து நிமிஷம் அழிச்சிடுச்சு. கொலனோஸ்கோப்பி ஆய்வுல பார்த்த அதே கணக்கு.

16/ 2020, 2021-ல இது ஊர் முழுக்க நடந்தது. கோவிட்ல போனவங்க முகத்தைக்கூடப் பார்க்க முடியாம, பிளாஸ்டிக் சுத்தின பொட்டலத்தைத் தூரத்துல நின்னு பார்த்தவங்க எத்தனை பேர்! 40 வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை நினைச்சா அந்தப் பொட்டலம்தான் முதல்ல வருதுன்னு சொன்னவங்க உண்டு. மறுபடி எடுங்கன்னு மனு போட இங்க யாரும் கிடையாது.

17/ அப்போ என்ன பண்ணலாம்? முதல்ல, முடிவு இன்னும் வராதவங்களுக்கு:
– "நாள் கம்மி"ன்னு டாக்டர் சொன்னா வெளிப்படையா கேளுங்க: யாரை வரச் சொல்லணும், எப்போ வரச் சொல்லணும்?
– திருப்பூர்ல, துபாய்ல இருந்து வர முடியாத பிள்ளைங்க இருந்தா போனை ஸ்பீக்கர்ல போட்டு நோயாளி காதுகிட்ட வைங்க. நினைவில்லாத கடைசி மணி நேரத்துலயும் சிலரோட மூளை சத்தத்துக்குப் பதில் காட்டுதுன்னு 2020-ல வந்த கனடா ஆய்வு சொல்லுது.

18/ – விழுங்க முடியாதவங்க வாயில பாலோ தண்ணியோ ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போகும். ஈரப் பஞ்சால உதட்டை நனைங்க. சடங்குக்கும் அது போதும்.
– வலி இருந்தா வலி மருந்து கேளுங்க. "கடைசி நேரம்தானே"ன்னு விட்டுடாதீங்க. நடமாட முடியாதவங்களுக்கு 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து வலி தணிப்பு சிகிச்சை தர்றாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க.
– உயிர் போற நேரத்துல பக்கத்துல யாரும் இல்லாம போறது சகஜம். வார்டுல அடிக்கடி பார்க்கிறோம். அது பார்த்துக்கிட்டவங்க குத்தம் இல்லை.

19/ ஏற்கனவே முடிவு மோசமா அமைஞ்சவங்களுக்கு: அந்த அம்மாகிட்ட டீ கதையை நான் மறுத்துப் பேசலை. முதல் வருஷத்தைப் பத்திக் கேட்டேன். முதல் தடவை எப்படிக் கூட்டிட்டு வந்தீங்கன்னு. பனியில ஜீப் நின்னு போனது, உப்பில்லாத கஞ்சியைத் தாத்தா திட்டினது, பூண்டு விலை ஏறினப்போ இவங்களுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்ததுன்னு சொல்லிட்டே போனாங்க. இருபது நிமிஷம். வெளியில டோக்கன் வரிசை சத்தம் போட்டுச்சு, போடட்டும்னு விட்டேன். தூக்க மாத்திரை எழுதலை. ரெண்டு வாரத்துல திரும்பி வரச் சொன்னேன், வந்தாங்க. தூக்கம் பரவாயில்லைன்னாங்க. டீ குடிக்கப் போனதைப் பத்தி அன்னைக்கும் சொன்னாங்க. ஆனா கூடவே கஞ்சியைப் பத்தியும் சொன்னாங்க.

20/ நினைவு கடைசி எபிசோடைத்தான் முதல்ல எடுத்துக் கொடுக்கும், அது மூளையோட வழக்கம். மத்த 72-ஐ நாமதான் தேடி எடுத்துப் போடணும். அதுக்குக் கேட்க ஒரு ஆள் வேணும். உங்க தெருவுல, உங்க வீட்ல சமீபத்துல யாரையாவது இழந்தவங்க இருந்தா, "எப்படி இறந்தார்?"னு கேட்காதீங்க. அதை அவங்க நூறு பேர்கிட்ட சொல்லியாச்சு. "எப்படிப்பட்ட மனுஷர் அவர்?"னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் உட்காருங்க.