உடலைப் பழித்து உணவு படைப்பதோ?

வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறி வாழும் குடும்பங்களுக்கு உறவினர் வருகையைவிட இனியது வேறில்லை. சித்தூரில் வாழும் எங்களுக்கும் அப்படியே. திருப்பதிக்குச் செல்லும் வழியில் எங்கள் இல்லத்தில் ஓரிரவு தங்கிச் செல்வோர் பலர். வந்தவர் வாயினின்று முதலில் பிறக்கும் சொல் பெரும்பாலும் உடலைப் பற்றியதாகவே இருக்கும். “ஏன் இப்படி இளைத்துப் போனாய்?” “நன்றாகப் பருத்துவிட்டாயே!” “பெண் வெயிலில் கறுத்துவிட்டாளே!” பஞ்சம் பல கண்ட நாட்டில் இவ்வாறு கேட்பது அன்பின் அடையாளமாக வளர்ந்திருக்கலாம். ஆயினும் இச்சொற்கள் எல்லோர் உள்ளத்திலும் ஒன்றுபோல் விழுவதில்லை. எங்கள் இல்லத்தில் கண்டதைப் பிற குடும்பத்தாரும் அறிதல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமையனார் சாலை விபத்தொன்றில் காலமானார். அவருடன் சென்றிருந்த அவர் மகள் சிறு காயங்களுடன் தப்பினாள். பதினைந்து வயதில் அவள் எங்களோடு தங்கிப் படிக்க வந்தாள். புதிய பள்ளியில் ஒருநாள் மாணவியரின் எடையை அனைவர் முன்னும் உரக்க வாசித்தார்கள். தோழியர் சிரித்தனர். அவள் கற்ற தெலுங்குச் சொற்களில் உடலைப் பழிக்கும் சொற்களே முந்தின.

புரட்டாசி பிறந்தது. சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருக்கிறேன் என்றாள். நம் வீடுகளில் அதற்கு யார் தடை சொல்வார்? அண்டை வீட்டார் அவள் பக்தியை மெச்சினர். புரட்டாசி கழிந்தும் விரதம் கழியவில்லை. வியாழன், திங்கள் என நாட்கள் பெருகின. சோற்றை இலையில் மறைத்து மடித்தாள். தொளதொளத்த ஆடைகளையே உடுத்தினாள். தலைமுடி கற்றை கற்றையாக உதிர்ந்தது, மாதவிலக்கு நின்றது, கத்திரி வெயிலிலும் குளிர்கிறது என்று போர்த்துக்கொண்டாள். சில இரவுகளில் அடுக்களையில் மீந்ததையெல்லாம் மறைவாக உண்டு, உடனே வாந்தியும் எடுத்தாள். இறுதியில் திருமலைக்கு நடந்தே ஏறுவேன் என்று புறப்பட்டு, அலிபிரிப் படிகளில் மயங்கி விழுந்தாள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

“இது பிடிவாதமும் அன்று, பக்தியும் அன்று, நோய்” என்றார் மருத்துவர். உண்ண மறுக்கும் இந்நோய்க்கு இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-ஆம் ஆண்டிலேயே அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் சூட்டினார். அளவின்றி உண்டு பின்னர் வெளியேற்றும் புலிமியாவை 1979-இல் ஜெரால்டு ரஸ்ஸல் விளக்கினார். இவை மேலைநாட்டுச் செல்வர் வீட்டு நோய்கள் என எண்ணுவோர் உளர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தம்மிடம் வந்த சிறாரிடையே உணவுக் கோளாறுகள் இருந்ததை 2007-இல் எழுதியுள்ளனர். மனக் காரணத்தால் வரும் வாந்தியே அவற்றுள் மிகுதி என்றும் அவர்கள் கண்டனர். அந்த வேலூர் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.

பட்டினி மனத்தை எவ்வாறு மாற்றும் என்பதற்கு மருத்துவர் ஒரு சான்று கூறினார். 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 இளைஞரை ஆறு திங்கள் அரைவயிறாக வைத்து ஆராய்ந்தார். உடலும் உள்ளமும் நலமாக இருந்த அவர்கள், நாளடைவில் உணவையன்றி வேறொன்றும் நினைக்க இயலாதவராயினர். சமையல் நூல்களைப் புரட்டினர், சிடுசிடுத்தனர், தடை நீங்கியபின் சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்தாமல் உண்டனர். ஆகவே முதல் மருந்து உணவே. ஆனால் நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறையப் படைத்தால், குருதியிலுள்ள உப்புகளின் அளவு குலைந்து இதயத்துக்கே ஆபத்து நேரலாம். வாந்தியும் பொட்டாசியத்தைக் குறைக்கும். அதனால் மருத்துவர் கண்காணிப்பில் சிறுகச் சிறுக உணவைக் கூட்டினோம்.

உடல் சற்றுத் தேறியபின் உள்ளத்துக்கான மருத்துவம் தொடங்கியது. தமிழும் தெலுங்கும் அறிந்த ஆலோசகர் அம்மையார் ஒருவர் அவளோடு பேசினார். “ஏன் உண்ணவில்லை?” என்று அவர் கேட்கவில்லை. “உனக்கு நேர்ந்தவற்றுள் நீ சொல்ல விரும்புவதைச் சொல், விரும்பாததைச் சொல்ல வேண்டா” என்றார். கதவு திறந்திருக்கலாமா, மூடலாமா என்று அவளையே கேட்டார். எடை பார்க்கும்போது எண்ணைக் காணாதவாறு திரும்பி நிற்க அவளுக்கு உரிமை தந்தார். நெஞ்சு படபடத்தால் பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை நிதானித்து, கண்முன் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லப் பழக்கினார். பழைய காயத்தை அறிந்து செய்யும் மருத்துவம் என இதனைச் சொல்கிறார்கள்.

இம்முறைக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று அமெரிக்காவின் சான் தியாகோவில் நிகழ்ந்தது. எடை குறைக்கும் மருத்துவமனை ஒன்றை நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி, நன்கு இளைத்துவந்தவர்களே சிகிச்சையை இடையில் விட்டுச் செல்வதைக் கண்டு வியந்தார். விசாரித்தபோது அவர்களுள் பலர் இளமையில் கொடுமைக்கு ஆளானவர்கள் எனத் தெரிந்தது. சிலருக்குப் பருத்த உடலே பிறர் கண்களிலிருந்து காக்கும் கவசமாக இருந்தது. அவரும் ராபர்ட் ஆண்டாவும் பிறரும் இளமைத் துன்பங்களைப் பற்றி நடத்திய பேராய்வு 1998-இல் வெளியாயிற்று. உணவுக் கோளாறு கொண்ட எல்லோருக்கும் இத்தகைய காயம் இருப்பதில்லை. இருப்பவரை வற்புறுத்தினால், காயத்தின் மேல் மற்றொரு காயம் உண்டாகும்.

இதனைக் கேட்டபோது எங்களுக்குத் தரிகொண்டா வேங்கமாம்பா நினைவுக்கு வந்தார். பழைய சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டில் திருமலையில் வாழ்ந்த தெலுங்குப் புலவர் அவர். இளமையிலேயே கணவனை இழந்த அவரைத் தலைமழிக்குமாறு ஊரார் நெருக்கினர் என்றும், அவர் இணங்க மறுத்தார் என்றும் வரலாறு வழங்குகிறது. அதே திருமலையில் நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் மகிழ்ந்து முடி காணிக்கை தருகின்றனர். மொட்டைத் தலையைக் கண்டு அங்கு நகைப்பார் இல்லை. தானே விரும்பித் தருவது காணிக்கை. ஊரார் பறிக்க முனைவது கொடுமை. உடல் யாருடையது என்ற கேள்வியே இரண்டையும் பிரிக்கிறது. அவர் பெயர் தாங்கிய அன்னக்கூடத்தில் இன்று யார் என்ன பருமன் என்று பாராமல் எல்லோருக்கும் உணவு படைக்கிறார்கள்.

பல மாதங்களுக்குப் பின் ஒருநாள் எங்கள் பெண் வாய் திறந்தாள். பள்ளியில் பட்ட அவமானத்தைத் தெலுங்கில் சொன்னவள், தந்தையைப் பற்றிப் பேசும்போது தமிழுக்கு மாறினாள் என்று அம்மையார் கூறினார். பின்னர் அவள் விருப்பத்தோடு எங்களையும் அழைத்து உட்காரவைத்தார். “பசிக்கிறது என்று நான் சொன்னதால்தான் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார்” என்றாள் அவள். நின்ற வண்டியில்தான் லாரி மோதியது. அன்றுமுதல் பசி என்பதே அவளுக்குக் குற்றமாகிவிட்டது. ஊரார் உடலைப் பழித்தபோது, அக்குற்றத்துக்கு உரிய தண்டனை அதுவென்றே கொண்டாள். பசி குற்றமன்று என்பதை ஏற்க அவளுக்கு மேலும் ஓராண்டு ஆயிற்று. இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். தேர்வுக் காலங்களில் பழைய அச்சம் எட்டிப் பார்ப்பதுண்டு. அப்போது தானே அம்மையாரிடம் செல்கிறாள்.

எங்கள் இல்லத்தில் இன்று சில வழக்கங்கள் நிலைத்துள்ளன. நாளுக்கு மூன்று வேளை உணவும் இடையில் சிற்றுண்டியும் குறித்த நேரத்தில் உண்கிறோம். யாரும் தனியே உண்பதில்லை. உண்ணும் இடத்தில் எடை, நிறம், உருவம் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. வரும் உறவினரிடமும், “அண்ணா, வந்ததே மகிழ்ச்சி, உடம்பைப் பற்றி மட்டும் பிள்ளைகளிடம் பேச வேண்டா” என்று வாசலிலேயே பணிவாகச் சொல்லிவிடுகிறோம். எவரும் இதுவரை வருந்தியதில்லை.

அன்பர்களே, வளரும் பிள்ளையின் விரதம் நீண்டுகொண்டே போனால், உண்டவுடன் குளியலறைக்கு விரைந்தால், மயக்கமும் முடியுதிர்தலும் மாதவிலக்குத் தடையும் கண்டால், கடியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வேலூர்ப் பாகாயத்திலுள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரி மனநல நிலையம் 1957 முதல் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்து மருத்துவம் செய்துவருகிறது. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், கட்டணமில்லை. பிறந்த ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் பல சொற்களைச் சுமந்து வீடு திரும்புகிறார்கள். “வா அம்மா, சாப்பிடலாம்” என்ற அழைப்போடு நம் சொல் நிற்கட்டும்.