சிக்னல் இல்லாத இரண்டு நாள்

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்து கோமுகி அணையை நெருங்கும்போது எல்லார் சட்டைப்பையிலும் போன் உயிர் பெறும். அன்று என்னுடையது நிறுத்தாமல் துடித்தது. தவறிய அழைப்புகள் மட்டும் நாற்பதுக்கு மேல். சாவுச் செய்தி என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டியலில் மேலே இருந்த பழைய மாணவனைக் கூப்பிட்டேன். அழுகிற குரலில் அவன் கேட்டான்: "சார், ஆபரேஷன் முடிஞ்சிடுச்சா?"

வெள்ளிக்கிழமை மாலை மலையேறியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கல்வராயன் மலைச் சிற்றூர்களுக்குப் போய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களுக்கு வேண்டிய காகிதங்களை வாங்கி வருவது என் வழக்கம். கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்துதான் கணினியில் ஏற்றுவேன். அந்த ஞாயிறும் அப்படித்தான் ஒரு பை காகிதத்தோடு இறங்கிக்கொண்டிருந்தேன். இடைப்பட்ட நேரத்தில் என் மின்னஞ்சலிலிருந்து 412 பேருக்கு ஒரே கடிதம் போயிருந்தது. திடீரென்று மருத்துவமனையில் சேர்ந்துவிட்டேன், பேச முடியாது, அவசரமாகப் பணம் வேண்டும், திங்கட்கிழமை திருப்பித் தருகிறேன். பதில் போட்டவர்களுக்குப் பணம் அனுப்ப வேண்டிய எண் போயிருக்கிறது.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. என் மாணவர்களுக்கு நான் ஒரு நாளும் ஆங்கிலத்தில் எழுதியதில்லை. ஆனால் அவர்கள் அதற்கும் சமாதானம் கண்டுபிடித்திருக்கிறார்கள்: படுக்கையில் கிடக்கிறவர் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருப்பாரா? சந்தேகப்பட்டவர்கள் போன் போட்டிருக்கிறார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். மலையில் பல ஊர்களில் பாறைமேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு சிக்னல் வரும், சில ஊர்களில் அதுவும் கிடையாது. நான் பதில் பேசாமல் இருந்ததே அந்தப் பொய்க்குச் சாட்சி ஆகிவிட்டது.

எப்படி நுழைந்தார்கள் என்பது எனக்கு அன்றிரவே விளங்கிவிட்டது. கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. பிள்ளைகளின் சான்றிதழ்ப் படங்களால் எனக்கு அது நிரம்பும் நிலையில் இருந்தது. கணக்கு மூடப்படும் என்று எச்சரித்து வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்தது. அதில் இருந்த இணைப்பைத் தொட்டேன், அசலைப் போலவே ஒரு பக்கம் திறந்தது, கடவுச்சொல்லை எழுதினேன். அவ்வளவுதான்.

மீட்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். திருடன் என் கடவுச்சொல்லையும் மீட்புக்கான போன் எண்ணையும் மாற்றியிருந்தான். ஆனால் எண் மாற்றப்பட்டாலும் ஏழு நாள் வரைக்கும் பழைய எண்ணுக்கே குறியீட்டை வரவழைக்க கூகுள் இடம் தருகிறது. வழக்கமாக நாம் பயன்படுத்தும் கணினியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயன்றால் நம்மை நாம்தான் என்று நம்புவதும் அதற்குச் சுலபம். அதனால் வீட்டுப் பழைய கணினியிலேயே உட்கார்ந்தேன். உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டேன்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான கள்ளத்தனம் அமைப்புகளின் உள்ளே இருந்தது. எனக்கு வரும் கடிதங்களையெல்லாம் நேரே குப்பைக்கு அனுப்பும் ஒரு வடிகட்டி. பதில் போகும் முகவரியாக, என் முகவரியில் ஓர் எழுத்தை இரட்டித்த இன்னொரு முகவரி. "சார், நீங்கதானா?" என்று கேட்டவர்களுக்கு "நான்தான்" என்று அங்கிருந்து பதில் போயிருக்கிறது. கடிதத்தை அனுப்பி முடித்ததும், நான் யாரையும் எச்சரிக்க முடியாதபடி முகவரிப் புத்தகத்தைத் துடைத்திருந்தான். முப்பது நாளுக்குள் என்றால் அதைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். குப்பையில் விழுந்த கடிதங்களும் முப்பது நாள் கிடக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு 412 பெயரும் திரும்பி வந்தன.

இது பழைய வித்தை. 2011-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃபாலோஸின் மனைவியுடைய கணக்கை இப்படித்தான் பிடித்தார்கள். அவர் மேட்ரிட் நகரில் கொள்ளையடிக்கப்பட்டுத் தவிப்பதாக நண்பர்களுக்கெல்லாம் எழுதிவிட்டு, ஆறு ஆண்டுக் கடிதங்களை அழித்துவிட்டார்கள். அந்த அனுபவத்தை ஃபாலோஸ் அட்லாண்டிக் இதழில் நீண்ட கட்டுரையாக எழுதினார். 2022-இல் நம் மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபுவின் படத்தையே வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் கிஃப்ட் கார்டு கேட்டவர்களும் உண்டு. அவர் அதைப்பற்றி மக்களை எச்சரித்தார். ஊரும் கருவியும்தான் மாறுகின்றன. நமக்கு வேண்டியவர் ஆபத்தில் இருக்கிறார் என்றால் யோசிக்காமல் கை நீட்டுகிற குணத்தைத்தான் எல்லா இடத்திலும் குறி வைக்கிறார்கள்.

மலையில் கடன் என்பது பேரை வைத்துத்தான். மரவள்ளி பிடுங்கினதும் தருகிறேன் என்று சொல்லி அரிசி எடுத்துப் போகிறவரிடம் யாரும் சீட்டு எழுதி வாங்குவதில்லை. "வாத்தியார் சொன்னாரு" என்று ஒரு பிள்ளை போய் நின்றால், கடைக்காரர் நோட்டும் பேனாவும் எடுத்துக் கொடுத்துவிடுவார். மாதக் கடைசியில் நான் போய்க் கணக்கு முடிப்பேன். அப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பேர் அது. அதைத்தான் இரண்டு நாளில் எடுத்துச் செலவழித்திருந்தார்கள்.

மூன்று பேர் பணம் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் அன்றைக்கே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்துவிட்டதால் அவர் பணம் பாதி வழியில் வங்கியில் நிறுத்தப்பட்டது. மற்ற இருவர் பணம் கைமாறிப் போய்விட்டது. திங்கட்கிழமை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள், மூன்றாண்டு வரை சிறை. அது நடக்கிறபோது நடக்கட்டும்.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. மலைப்பிள்ளைகளுக்குச் சொந்த மின்னஞ்சல் இல்லாத காலத்தில் எல்லா விண்ணப்பத்திலும் என் முகவரியைத்தான் எழுதினேன். ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்று எல்லாம் என் அஞ்சல் பெட்டியில் கிடந்தன. அந்தச் சான்று அவர்களுக்குச் சாதாரணமாகக் கிடைப்பதல்ல. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் பழங்குடியினர் பட்டியலில் இவர்களைக் குறிக்கும் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் இன்னும் பழைய தென்னார்க்காடு மாவட்டம் என்றுதான் இருக்கிறது. அலுவலகம் அலுவலகமாக அலைந்து வாங்கிய காகிதங்களை முன்பின் தெரியாத ஒருவன் பார்க்கும்படி விட்டது என் தவறு.

அடுத்த மூன்று வாரம் மலையேறி வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்க வேண்டும், அதற்கு ஓடிபி வர வேண்டும், சிக்னல் கிடைத்து ஓடிபி வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். கடைசியில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து அணைக்கட்டு வரை இறங்கி வந்து முடித்தோம். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

பணம் இழந்தவர்களில் ஒருத்தி என் மாணவி. அவள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண், இப்போது சென்னையில் செவிலியர். எட்டாயிரம் அனுப்பியிருந்தாள். நான் திருப்பிக் கொடுத்ததை வாங்க மாட்டேன் என்றாள். "நீங்க கேட்டீங்கன்னுதானே சார் குடுத்தேன், இன்னொருத்தனுக்கா குடுத்தேன்?" இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. பணம் அனுப்பாதவர்களின் நிலையும் சங்கடமாகத்தான் இருந்தது. கையில் காசில்லை என்று பதில் எழுதிய பழைய சக ஆசிரியர் ஒருவர், அந்தக் கடிதமே பொய் என்று தெரிந்த பிறகும் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். நான்கு முறை அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் பழையபடி பேசினார்.

அந்த ஞாயிறு மாலை பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனபோது வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பள்ளி விடுதியில் சமையல் செய்து ஓய்வு பெற்ற அண்ணன். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். கோயம்புத்தூரில் வேலை செய்யும் மகன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போனில் சொல்லியிருக்கிறான். அவரிடம் அனுப்பப் பணமில்லை. காலை முதல் பேருந்தில் கிளம்பிவிட்டார். எந்த மருத்துவமனை என்று கடிதத்தில் இல்லை. சிறுவங்கூரில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வார்டு வார்டாக விசாரித்திருக்கிறார். பிறகு ஊருக்குள் இரண்டு தனியார் மருத்துவமனைகளில். எங்கும் இல்லை என்றதும் என் வீட்டுக்கு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

என்னைக் கண்டதும் எழுந்து, காலிலிருந்து தலைவரை பார்த்தார். தோளைப் பிடித்து அழுத்தினார். நடந்ததைச் சொன்னேன். கணக்கு, திருட்டு எதையும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு தூக்குவாளி இருந்தது. எனக்காக விடியற்காலையில் காய்ச்சிய சாமைக் கஞ்சி.

"வெயில்ல புளிச்சிருக்கும் சார். உப்புப் போட்டுக் குடிங்க."

கதவைத் திறந்து, உப்பு எடுத்து வந்து, அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து குடித்தேன். அவரைக் கடைசிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் கணினியைத் திறந்தேன்.