கையை மூடும் காலம்



கடந்த சில மாதங்களாக வீடு சந்திப்புக்குச் செல்லும் இடங்களிலெல்லாம் ஒரே பதிலைக் கேட்டு வருகிறேன்: “இப்போதைக்கு வேண்டாம்னு வச்சிருக்கோம் ஐயா.” கிறிஸ்மசுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க எண்ணியிருந்த குடும்பம் அதைத் தள்ளி வைத்திருக்கிறது. கிணற்று மோட்டாரை மாற்ற நினைத்தவர் பழையதையே பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை என்கிறார்கள். வருமானம் குறைந்துவிட்டதா என்றால், பலரும் “இதுவரை இல்லை” என்றே சொல்லுகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் மகனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா, ரப்பர் விலை நிற்குமா, மருத்துவச் செலவு திடீரென்று வந்தால் என்ன செய்வது என்னும் கேள்விகளே அவர்களுடைய கையை மூடியிருக்கின்றன. குறைவைக் காட்டிலும் குறைவு வருமோ என்ற எண்ணமே அதிகமாகச் செலவை நிறுத்துகிறது.

இந்த மனநிலைக்குப் பொருளியலார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: நுகர்வோர் நம்பிக்கை. ஆலயத்திற்குள் நாம் வழங்கும் நம்பிக்கை என்ற சொல்லையே அவர்கள் சந்தைக்கும் வைத்திருப்பது என்னைச் சிந்திக்கச் செய்தது. இந்திய ரிசர்வ் வங்கி இதனைக் குறித்த கால இடைவெளியில் அளந்து வெளியிடுகிறது. நாட்டின் பொருளாதார நிலை, வேலைவாய்ப்பு, விலைவாசி, தங்கள் வருமானம், தங்கள் செலவு ஆகிய ஐந்தும் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட இப்போது எப்படி இருக்கின்றன, இன்னும் ஓராண்டில் எப்படி இருக்கும் என்று குடும்பங்களிடம் கேட்கிறார்கள். விடைகளைத் திரட்டிக் கிடைக்கும் குறியீடு 100-க்கு மேலிருந்தால் மக்கள் மனத்தில் நம்பிக்கை மேலோங்கி நிற்கிறது. கீழிருந்தால் சோர்வு மேலோங்கி நிற்கிறது.

2019 செப்டம்பரில், பெருந்தொற்று என்ற பேச்சே இல்லாதபோது, தற்போதைய நிலையைக் காட்டும் குறியீடு 89.4 ஆக இறங்கியிருந்தது. 2020 செப்டம்பரில் அது 49.9 ஆயிற்று. ஆயினும் அப்போது, அடுத்த ஆண்டு நன்றாயிருக்கும் என்ற எதிர்பார்ப்பின் குறியீடு 100-க்கு மேலேயே நின்றது. இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்திலோ, தற்போதைய நிலை 48.5-க்கு இறங்கியதோடு எதிர்பார்ப்பும் 100-க்குக் கீழே சென்றது. இன்றைய துன்பத்தோடு நாளையைப் பற்றிய எண்ணமும் தளர்ந்துபோன மாதம் அது. அந்த நாட்களில் கேள்வி கேட்கப்பட்ட 13 நகரங்களுள் நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரமும் ஒன்று. நம்முடைய கிராமங்களுக்கு எவரும் கேள்வித்தாளோடு வரவில்லை. வந்திருந்தால் விடை வேறாக இருந்திருக்காது என்பதை, அந்த மாதத்தில் அடக்க ஆராதனைகளை நடத்திய நாம் அறிவோம்.

இத்தகைய ஆய்வுக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் கட்டோனா என்பவர். ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1940-களில் இப்பணியைத் தொடங்கிய உளவியல் அறிஞர். வாங்கும் ஆற்றல் வேறு, வாங்கும் மனம் வேறு என்பதே அவர் வலியுறுத்திய கருத்து. பையில் பணம் இருந்தும் மனம் அஞ்சினால் கை நீளாது. இந்த உண்மையை நம் மாவட்டத்து மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் அதனை நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

2011-ஆம் ஆண்டில் கிலோவுக்கு ஏறத்தாழ 240 ரூபாய் வரை சென்ற ரப்பர் விலை, 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. பால்வெட்டுக் கூலி கொடுத்தால் ஒன்றும் மிஞ்சாது என்று பலர் வெட்டை நிறுத்தினார்கள். மரங்களில் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. அதிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்திற்குச் சென்றவருக்கு வேலை இல்லை. அவர் வீட்டில் மீன் வாங்குவது குறைந்தது. மீன் சுமந்து வந்த அம்மாவின் பாத்திரத்தில் மாலைவரை மீன் மிஞ்சியது. அவர் தம் மகளுக்குப் பாவாடை தைக்கக் கொடுப்பதைத் தள்ளிவைத்தார். தையற்காரர் உதவிக்கு வைத்திருந்த பையனை அனுப்பிவிட்டார். ஒரு தோட்டத்தில் மூடிய கை நாலாவது வீட்டுப் பானையைத் தொட்டதை நான் அந்த ஆண்டில் கண்ணாரக் கண்டேன்.

ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1936-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியதும் இதற்கு மிக அண்மையானது. ஒரு குடும்பம் அஞ்சிச் சேமித்தால் அக்குடும்பத்திற்கு அது பாதுகாப்பு. எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் அஞ்சிச் சேமித்தால், ஒருவர் செலவே மற்றவர் வருமானமாக இருப்பதால், எல்லாருடைய வருமானமும் குறையும். கடைசியில் சேமிக்கவும் ஒன்றும் இராது. அச்சம் தான் அஞ்சியதையே தன் கையால் உண்டாக்கிவிடுகிறது.

நம் முன்னோர் இதற்கு இன்னும் கடுமையான எடுத்துக்காட்டைக் கண்டிருக்கிறார்கள். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த நிலம். 1937-இல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி, மறு ஆண்டு ஜூன் மாதத்திலேயே கதவை அடைத்தது. திவான் சி. பி. இராமசுவாமி ஐயருக்கும் வங்கியை நடத்தியவர்களுக்கும் இடையிலிருந்த பகை அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. காரணம் எதுவாயினும், போட்ட பணம் திரும்பி வராது என்ற அச்சம் பரவி எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றால் எந்த வங்கியும் தாங்காது. பெற்ற பணத்தை வங்கி கடனாகக் கொடுத்திருக்கும். அது ஒரே நாளில் திரும்பி வராது. வங்கியின் இரும்புப் பெட்டியைக் காப்பது பூட்டன்று; அங்கே கணக்கு வைத்திருக்கும் மக்களின் நம்பிக்கையே.

இதற்கு எதிரான காட்சியை 2016 நவம்பரில் கண்டோம். 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று 8-ஆம் தேதி இரவு அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் பயனற்றுப் போயிற்று. வங்கி வாசல்களில் முதியோர் வெயிலில் நின்றார்கள். ஆனால் எங்கள் தெருவின் சிறு மளிகைக் கடை ஒரு நாளும் அடைக்கப்படவில்லை. கடைக்காரர் நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, பெயரையும் தொகையையும் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்தார். “பணம் எங்கயும் போவாது ஐயா, ஆளு இங்கதானே இருக்காங்க” என்றார். நம் மொழியில் கடைக்கணக்கிற்குப் பற்று என்று பெயர். அன்புக்கும் அதுவே பெயர். 1938-இல் பணம் இருந்தும் நம்பிக்கை இல்லாததால் ஒரு பெரிய நிறுவனம் விழுந்தது. 2016-இல் பணம் இல்லாதிருந்தும் நம்பிக்கை இருந்ததால் ஒரு சிறு தெரு பிழைத்தது.

இதை எழுதும்போது, கடன் வாங்கியாவது செலவழியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிக்கனம் நல்லது. நகையை அடகு வைத்துக் கைபேசி வாங்குவது நம்பிக்கையும் அன்று, அறிவும் அன்று. எகிப்தில் யோசேப்பு செழிப்பான 7 ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்து வைத்ததை வேதம் ஞானமாகவே காட்டுகிறது. அவர் சேர்த்தது பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறப்பதற்காக என்பதையும் நாம் மறக்கலாகாது.

என் கவலை வேறொன்று. அஞ்சும் காலத்தில் நாம் எதைக் குறைக்கிறோம்? திருமணத்திற்குப் பவுன் குறைகிறதா? மண்டபம் சிறிதாகிறதா? ஊரார் கண்ணில் படும் செலவுகள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. குறைவது எவரும் காணாத செலவு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்கிறோம். தேங்காய் வெட்டியவரின் கூலியை “அடுத்த வெட்டுக்குச் சேர்த்துத் தருகிறேன்” என்று நிறுத்தி வைக்கிறோம். தெருவில் கீரை கொண்டு வருபவரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். கௌரவத்தைத் தொடாமல் கூலியைத் தொடுகிற சிக்கனம் நம்மை எவ்வளவு காக்கிறதோ அறியேன்; அதன் சுமை நம்மைவிட எளியவர் தோளில் விழுகிறது என்பது மட்டும் உறுதி. அன்றாடக் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று மோசேயின் பிரமாணம் கட்டளையிட்டது, நல்ல காலத்திற்கு மட்டும் அன்று.

எரேமியா தீர்க்கதரிசியின் வாழ்வில் வரும் ஒரு நிலக்கிரயத்தை இந்த வாரத்தில் மீண்டும் வாசித்தேன். பாபிலோனின் சேனை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. எரேமியாவோ காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும் என்று சொன்னவரே அவர்தாம், அதற்காகவே அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் உறவினன் ஒருவன் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். பகைவர் கையில் போகப்போகிற நிலத்தை எவர் வாங்குவார்? ஆனால் அது தேவனுடைய சித்தம் என்று அறிந்த எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதுகிறார். அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார்.

இதில் என்னைத் தொடுவது, எரேமியா நாளைய நிலவரத்தைப் பற்றித் தம்மையே ஏமாற்றிக்கொள்ளவில்லை என்பதே. எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைக்கவில்லை. நகரம் விழத்தான் போகிறது. அந்த நிலத்தை உழுது பயிரிடும் வாய்ப்பு தமக்குக் கிடைக்காது என்றும் அவர் அறிந்திருக்கக்கூடும். ஆயினும் இந்த மண்ணில் மீண்டும் ஒரு நாள் கிரயமும் விளைச்சலும் குடும்பங்களும் இருக்கும் என்ற வாக்கை நம்பிக் கையைத் திறந்தார். நல்ல செய்தி வந்தபின் பிறப்பது மனமகிழ்ச்சி. செய்தி வராத காலத்திலும் செய்ய வேண்டியதைச் செய்ய வைப்பது நம்பிக்கை.

ரப்பர் விலை விழுந்த அந்த ஆண்டில், சபையின் மூத்தவர் ஒருவர் பழைய மரங்களை வெட்டிவிட்டு அரை ஏக்கரில் புதுக் கன்றுகளை நட்டார். எல்லாரும் தோட்டத்தைக் கைவிடும் காலத்தில் ஏன் என்று கேட்டேன். “விலைக்காக நடல ஐயா. நிலம் சும்மா கெடக்கக் கூடாதுல்லா. குழி எடுக்க நாலு பேருக்கு வேலையும் ஆச்சு” என்றார். ரப்பர்க் கன்று பாலுக்கு வர ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். 2024 ஆகஸ்டில் விலை 2011-இன் உச்சத்தையும் கடந்தபோது, அவருடைய மரங்கள் வெட்டுக்கு வந்திருந்தன. விசுவாசித்தால் விலை உயரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த விலை மீண்டும் இறங்கலாம், அவருக்கும் அது தெரியும். விலை உயராமலே இருந்திருந்தாலும் 2016-இல் குழி எடுத்த நால்வருக்குக் கிடைத்த கூலி மெய்யானது. அவர்கள் வீட்டில் அன்று அடுப்பு எரிந்தது மெய்யானது.

அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. ஏத்தன் குலையும் தேங்காயும் சேனையும் கோழியும் ஆலய முற்றத்தில் ஏலம் போகும். சந்தை விலையைவிட அதிகம் கேட்டு எடுப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. சென்ற ஆண்டு ஏலக்குரல்கள் தணிந்திருந்ததைக் கவனித்தேன். இவ்வாண்டும் தணிந்திருக்கலாம், அதனால் எவரும் தலைகுனிய வேண்டாம். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுகிறேன். ஏலத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் குலை எடுக்குமுன், அந்தக் குலையை வெட்டியவருக்கோ உங்கள் துணியைத் தைத்தவருக்கோ நிற்கும் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். மளிகைக் கடை நோட்டில் உங்கள் பெயருக்கு நேராக நிற்கும் தொகையில், முழுவதும் இயலாவிட்டாலும் ஒரு பகுதியையாவது இந்த வாரமே கொடுங்கள். தள்ளிவைத்த வேலைகளுள், ஒருவருடைய அன்றாடக் கூலி அடங்கிய சிறு வேலை ஒன்றை, கடன் இல்லாமல் இயலுமானால், தள்ளிவைக்காமல் செய்யுங்கள். அப்படிச் செய்யும் கையைக் கர்த்தர் காணிக்கையிட்ட கையாகவே எண்ணுவார் என்று நம்புகிறேன்.

ஜெபிப்போம்: அன்பின் பிதாவே, நாளையை அறியாத எங்களுக்கு இன்றைய கடமையைத் தெளிவாகக் காட்டும். எங்கள் அச்சத்தின் சுமையை எங்களைவிட எளியவர்மேல் ஏற்றாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். வேலைக்காகக் காத்திருப்போரின் வாசலுக்கு எங்களில் ஒருவரை இந்த வாரம் அனுப்பியருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.