கடன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

அன்னதான வரிசையில் பார்க்கிற முகங்கள்ல சிலது இப்போ வாடிப்போய் இருக்கு. காரணம் கேட்டா பல பேர் சொல்றது கடன். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

கடன் நம்ம மண்ணுக்குப் புதுசு இல்ல. கரும்புத் தோட்டக் காலத்தில் செபராங் பிறைக்கு ஒப்பந்தக் கூலியா வந்த நம்ம முன்னோர், கப்பல் செலவைக் கடனாகச் சுமந்துகிட்டுதான் இறங்கினாங்க. ஒப்பந்தம் முடியும் வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. அந்த முறையில் ஆள் எடுக்கிறதை 1910-இல் நிறுத்தினாங்க. இப்போ பத்து காவான்ல தொழிற்சாலைகள் நிக்குது, இரண்டாவது பாலமும் 2014-இல் திறந்தாச்சு. ஆனாலும் சம்பளம் கைக்கு வரும் முன்னே இன்னொருத்தருக்குச் சொந்தமாகிப் போற வீடுகள் இன்னும் இருக்கு.

எங்க லைன்ல ஒரு தம்பி. அம்மா வைத்தியச் செலவுக்கு ஆலோங்கிட்ட 1,000 வெள்ளி வாங்கினான். கைக்கு வந்தது 800. வாரம் 100 வெள்ளி வட்டி. "இருபது வாரம் கட்டிட்டேன் அண்ணே, முதல் இன்னும் அப்படியே இருக்கு"ன்னான். அதாவது 2,000 வெள்ளி போயிடுச்சு. 1951 வட்டிக்கடைச் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு லைசென்ஸ் உள்ளவர் வாங்கக்கூடிய வட்டி வருஷத்துக்கு 18 விழுக்காடுதான். 1,000 வெள்ளிக்கு ஒரு வருஷம் 180 வெள்ளி.

அதைவிட என்னைப் பயமுறுத்தினது அடுத்தது. அவனோட பேங்க் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாடகைக்குக் கொடுத்தா காசு தர்றதா ஒருத்தன் சொல்லியிருக்கான். தம்பி கொடுக்க இருந்தான். மோசடிக் கும்பல் அடுத்தவங்க காசை அந்தக் கணக்கு வழியாத்தான் கடத்தும். போலீஸ் முதல்ல தேடி வர்றது கணக்குக்காரன் வீட்டுக்கு. உட்கார வச்சு விளக்கினேன். கார்டைக் கொடுக்கல. அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய் ஆலோங் மேல புகார் கொடுத்தான். இன்னும் முழுசா விடுபடல. ஆனா ராத்திரி தூங்குறான்.

பேங்க் கடனும் கணக்குப் பார்த்துத்தான் வாங்கணும். கிரெடிட் கார்டுல 5,000 வெள்ளி பாக்கி, வட்டி 18 விழுக்காடுன்னு வைங்க. மாச வட்டி மட்டும் சுமார் 75 வெள்ளி. குறைந்தபட்சம் 5 விழுக்காடு, அதாவது 250 கட்டினா, 175 தான் கடன்ல கழியும். குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிட்டு மேல மேல கார்டைத் தேய்ச்சா கடன் எப்படி அடையும்? "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" திட்டங்களும் அப்படித்தான். ஒவ்வொண்ணும் 40, 60 வெள்ளின்னு சின்னதா தெரியும். எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதிக் கூட்டிப் பாருங்க.

"பேர் கெட்டுப் போச்சு, பேங்க் இனி தராது"ன்னு பயந்து ஆலோங்கிட்ட ஓடாதீங்க. பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கை கறுப்புப் பட்டியல் இல்ல. கடைசி 12 மாசம் நீங்க எப்படிக் கட்டினீங்கன்னுதான் காட்டும். இலவசமாப் பார்க்கலாம். இன்னைக்கு ஒழுங்கா கட்ட ஆரம்பிச்சா, ஒரு வருஷத்துல அந்தப் பக்கம் சுத்தமாகும்.

பேங்க் கடன் கட்ட முடியலைன்னா ஏ.கே.பி.கே. இருக்கு. 2006-இல் பேங்க் நெகாரா அமைச்சது. ஆலோசனைக்குக் காசு கிடையாது. பேங்குகளோட பேசி, தவணையை உங்க வருமானத்துக்கு ஏத்தபடி மாத்தித் தர முயற்சி பண்ணுவாங்க. பினாங்குலயும் அலுவலகம் உண்டு.

பசார் மாலாம்ல கடை போடுற அக்காமாருக்கு ஒரு வார்த்தை. வியாபாரக் காசுக்குத் தனிக் கணக்கு வைங்க. கியூஆர் வழியா வர்ற காசும் அதிலேயே விழட்டும். பேங்க்லயோ, தெக்குன்ல நம்ம இந்தியர்களுக்குன்னு இருக்கிற ஸ்பூமி திட்டத்துலயோ கடன் கேட்கும்போது அந்த ஸ்டேட்மெண்ட்தான் உங்களுக்காகப் பேசும்.

கடைசியா ஒண்ணு. நேர்த்திக்கடனைச் செலுத்த வட்டிக்கடன் வாங்காதீங்க. அம்மாளுக்கு ஒரு எலுமிச்சம்பழமும் நல்ல மனசும் போதும்.

கடன் கடிதம் வந்து புரியலையா? வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் எடுத்துட்டு வாங்க. அன்னதானக் கூடத்துல இருப்பேன், சேர்ந்து படிக்கலாம். வெட்கப்பட ஒண்ணுமில்ல.

அம்மன் துணை.